துடிப்பு வர்ற வரைக்கும்

இல்லம்மா, செருப்ப வெளிய விடாத, உள்ள எடுத்துட்டு வா. இந்தத் தாமான் தெருவுல நாய்ங்க சும்மா இருக்காது, ஒத்தச் செருப்ப மட்டும் தூக்கிட்டுப் போவும். ஜோடியா தூக்குனாகூட பரவால்ல லா. ஆங், அப்படி கதவோரமா வை. உக்காரு. ரூமப் பாத்துட்டல்ல? ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், ஆனா காத்து நல்லா வரும். ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டு செவுருதான் தெரியும். அதனால என்ன, தூங்கறதுக்குத்தான ரூமு. கம்பெனி பஸ்ஸு முக்குலயே நிக்கும். மழை பேஞ்சா குடைகூட வேணாம், ஒரே ஓட்டமா ஓடி ஏறிக்கலாம்.

வாடகையா? அதக் கடைசியில பேசிக்கலாம், அதுல நமக்குள்ள சண்ட வராது. மொதல்ல என் மவன் உங்கிட்ட பேசணும். திவாகரன். சிங்கப்பூர்ல வேல, ஜோகூர்ல தங்கியிருக்கான். தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு போன் அடிப்பான். யாரு வாடகைக்கு வந்தாலும் நான் ஒரு வார்த்த பேசிட்டுத்தாம்மா முடிவு பண்ணணும்னு கண்டிசனா சொல்லிட்டான். அட, பொண்ணு பாக்கறதுக்கெல்லாம் இல்ல, அப்படி முழிக்காத. என் ஒடம்பப் பத்தி கேப்பான், அவ்ளோதான். இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள உங்கிட்ட கொஞ்சம் விசயம் சொல்லணும் எனக்கு.

கோப்பி குடிக்கிறியா? உனக்கு பால் ஊத்தித் தர்றேன். எனக்கு இது. கோப்பி ஓ, பாலில்லாம நல்லா கட்டியா. பாத்தியா, கரண்டி நட்டா நிக்கும். டாக்டரு கோப்பியே தொடக்கூடாதுன்னாரு. நான் இப்ப முன்ன விட அதிகமா குடிக்கிறேன். சிரிக்கிற. காரணம் இருக்கு பிள்ள.

கரங்கான்ல எந்தப் பக்கம் நீ? ஓ, செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளயே வீடா? நான் சுங்கை லாலாங். பொறந்தது, வளந்தது எல்லாம் அங்க. அப்பாம்மா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க. எனக்கு அந்த வேல சரிப்பட்டு வரல, கொசு கடிச்சா ஒடம்பெல்லாம் தடிச்சிரும். இங்க கூலிம்ல ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னதும் பஸ் ஏறிட்டேன். அப்புறம் கல்யாணம், அப்புறம் இந்த வீடு. அவரு போயி ரொம்ப வருசம் ஆச்சு. அந்தா, மாலை போட்டிருக்கே, அவருதான். நல்ல மனுசன், பேச்சு மட்டும் கம்மி. மவனும் அதே மாதிரி. என் பேரு குணவதி, ஃபேக்டரிக்குள்ள எல்லாரும் குணா அக்கான்னு கூப்புடுவாங்க. நீ ஆண்ட்டின்னே கூப்புடு, பரவால்ல.

உனக்கு எந்த வேல குடுத்திருக்காங்க? ஸ்கோப்பா? அடிப்பாவி, அதத்தான நானும் பாத்தேன் ரிட்டையர் ஆகற வரைக்கும்! அப்ப உனக்கு நான் சொல்றது நல்லாவே புரியும். நாளைக்கே கத்துக் குடுப்பாங்க பாரு. மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சி, கம்ப்யூட்டருக்குள்ள போற, நகத்த விட சின்னதா இருக்கற சிப்ப ஒன்னொன்னாப் பாக்கணும். கீறல் இருக்கா, அழுக்கு இருக்கா, வெடிப்பு இருக்கா. இருந்தா ரிஜெக்ட். இல்லன்னா பாஸ். கேக்க சுலபமா இருக்கும். ரொம்ப நேரம் பாத்தேன்னு வை, எல்லாத்துலயும் கீறல் தெரியும் உனக்கு. நல்ல சிப்புகூட கெட்ட சிப்பாத் தெரியும். அப்படி நல்லதத் தூக்கி ரிஜெக்ட்ல போட்டா அதுக்கு ஓவர்கில்லுன்னு பேரு. லைன் லீடர் வந்து கத்துவாங்க, குணா, இன்னிக்கும் ஓவர்கில்லா உனக்குன்னு. ஆனா வேல போவாது. கெட்டத நல்லதுன்னு விட்டாத்தான் வேல போவும். அதனால சந்தேகம் வந்தா ரிஜெக்ட்ல போடுன்னு நாங்களே பழகிக்கிட்டோம். ரொம்பக் கொழப்பமா இருந்தா பக்கத்துல இருக்கறவள கூப்புடுவோம். கொஞ்சம் பாரேன், இது கீறலா, இல்ல என் கண்ணான்னு. அவ வந்து ஸ்கோப்புல பாத்துட்டு சொல்லுவா. ரெண்டு கண்ணு பாத்துட்டா மனசு அடங்கிடும்.

எதுக்கு இதச் சொல்றேன்னா, எனக்கு ஒடம்புல சதை துடிக்கும். அதுதான் விசயம். இரு, எந்திரிக்காத. தொத்து வியாதி இல்லம்மா! உனக்கு முன்ன ஒரு பிள்ள வந்திச்சி, பாசிர் மாஸ்லருந்தோ எங்கருந்தோ, இதச் சொன்னதும் டம்ளர அப்படியே வச்சிட்டு, ஆண்ட்டி நான் வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு போச்சு. போனதுதான். அதுக்கப்புறம் வாட்சப்புல ஒரு பூ படம் அனுப்பிச்சி, காலை வணக்கம்னு போட்டு. நீ அப்படிச் செய்ய மாட்டன்னு மொகத்தப் பாத்தாலே தெரியிது.

மொதல்ல கண்ணுலதான் வந்திச்சி. எடது கண்ணு, கீழ் எமை. பொம்பளைங்களுக்கு எடது கண்ணு துடிச்சா நல்லதுன்னு சொல்வாங்கல்ல? பக்கத்து வீட்ல மருதம்மாள்னு ஒரு அக்கா இருந்தாங்க. குணா, உனக்கு நல்ல சேதி வரப்போவுது, யாரோ வரப்போறாங்கன்னு சொன்னாங்க. நானும் சந்தோசமா இருந்தேன். யாரும் வரல. அந்த அக்காதான் போனாங்க, பினாங்குல மவ வீட்டுக்கு. வீடு பூட்டிக் கெடக்குது. ஜன்னல்ல பாத்தியே, அந்தச் செவுரு அவங்க வீட்டுதுதான்.

அப்புறம் கட்டவெரலு. அப்புறம் தோளு. கடைசியில எடது கெண்டக்கால்ல வந்து உக்காந்துக்கிச்சி. வலியெல்லாம் இல்ல. தொட்டித் தண்ணியில மீனு அடியில திரும்புனா மேல லேசா ஒன்னு அசையும் பாரு, அந்த மாதிரி தோலு அசையும். நான் அசைக்கல, அதுவா அசையும். உக்காந்து டிவி பாப்பேன், டுப்புன்னு ஒன்னு. தோசை ஊத்துவேன், டுப் டுப்புன்னு. நம்ம ஒடம்புதான, ஆனா நம்மளக் கேக்காம என்னமோ செய்யிதுன்னா ஒரு பயம் வரும் பாரு, அத சொல்லிப் புரிய வைக்க முடியாது.

போன்ல தேடுனேன். அதான் நான் செஞ்ச மடத்தனம். சதை துடிக்குதுன்னு போட்டா மொதல்ல வந்து நிக்கிறது ஒரு நரம்பு நோயி, இங்கிலீசுல மூணு எழுத்து. கையி காலு ஒன்னொன்னா செத்துப் போயி, பேச்சுப் போயி, கடைசியில மூச்சும் போயிடுமாம். அதப் படிச்சதுலருந்து எனக்கு வேற வேலையே இல்ல. வெள்ளன எந்திரிச்சி பசியாறக்கூட மாட்டேன், மொதல்ல கண்ணாடி முன்ன போயி நாக்க நீட்டி டார்ச் அடிச்சிப் பாப்பேன், நாக்கு துடிக்குதான்னு. நீட்டுன நாக்கு கொஞ்சம் துடிக்கத்தான செய்யும்? யாரு நாக்கா இருந்தாலும்! அது அப்பத் தெரியல. குதிகால்ல நடப்பேன், நுனிக்கால்ல நடப்பேன், ஊறுகா போத்தல நல்லா இறுக்கி மூடிட்டு நானே தொறந்து பாப்பேன், பலம் இருக்கான்னு. ரெண்டு கையையும் மேசையில வச்சி கட்டவெரலுக்குக் கீழ இருக்கற சதைய அளவு பாப்பேன், எந்தப் பக்கம் கொறைஞ்சிருக்குன்னு. பாத்துக்கிட்டே இருந்தா ஒரு பக்கம் கொறைஞ்ச மாதிரிதான் தெரியும். ஸ்கோப்புல அத்தன வருசம் உக்காந்த கண்ணும்மா. சிப்பு இல்லன்னதும் ஒடம்ப எடுத்து வச்சிக்கிச்சி.

ஆமா, டாக்டர்கிட்ட போவாமலா? கிளினிக்கு, அப்புறம் பெரிய ஆசுபத்திரி. அங்க பாரு, என்ன கூத்துன்னா, டாக்டர் முன்னாடி உக்காந்தா துடிக்காது. பஸ்ல துடிக்கும், வரிசையில உக்காந்திருந்தா துடிக்கும், பேரக் கூப்புட்டு உள்ள போனதும் கல்லு மாதிரி இருக்கும். நர்ஸு மிஸ்ஸி என்னைய ஒரு மாதிரிப் பாப்பாங்க. நான் பொய் சொல்றனோன்னு எனக்கே சந்தேகம் வந்திரும். கடைசியா ஊசி குத்தி நரம்புல கரண்ட் விட்டுப் பாத்தாங்க. வலிச்சிச்சி. டாக்டரு சின்னப் பையன், சீனப் பையன், சொந்த அத்தையக் கூப்புடற மாதிரி கூப்புட்டு பொறுமையா மலாய்ல சொன்னாரு. மக்சிக், நரம்பு நல்லா இருக்கு. இது சும்மா வர்ற துடிப்பு. நெறைய பேருக்கு வரும், ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. கோப்பியக் கொறைங்க, நல்லாத் தூங்குங்க, கவலப்படாதீங்க. அப்புறம் கேட்டாரு, வீட்ல கூட யாரு இருக்காங்கன்னு. நான் டெஸ்டுக்குக்கூட அழுவல, அதக் கேட்டதும் எனக்கு அழுவ வந்திருச்சி. பைக்குள்ள என்னமோ தேடற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன்.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல உக்காந்து நெனச்சேன், அடியே குணவதி, இது ஓவர்கில்லு. நல்ல சிப்பத் தூக்கி ரிஜெக்ட்ல போட்டிருக்க. சிரிப்பா வந்திச்சி. ஆனா பயம் போச்சான்னு கேட்டியன்னா, போவல. பகல்ல போவும், வெளக்க அமத்துனா வந்திரும். பக்கத்துல கூப்புட்டு, கொஞ்சம் பாரேன், இது கீறலா இல்ல என் கண்ணான்னு கேக்க ஆளில்ல. அதுதான் கஷ்டம் எனக்கு. வியாதி இல்ல கஷ்டம்.

மவனா? அதுக்குத்தான் வர்றேன். மணி என்ன? இன்னும் இருக்கு.

முன்னெல்லாம் அவன் எப்பவாச்சும் போன் பண்ணுவான். சாப்ட்டீங்களா. சாப்ட்டேன்யா. நீ சாப்ட்டியா. சாப்ட்டேன். சரிம்மா வெக்கிறேன். அவ்ளோதான். தப்பு சொல்லல, பாவம், வெள்ளன இருட்டோட மோட்டர்சைக்கிள எடுத்துக்கிட்டு சிங்கப்பூர் பாலத்தத் தாண்டணும், அங்க ஆயிரக்கணக்குல மோட்டர் நிக்கும், வேல முடிஞ்சி திரும்பவும் அதே ஜாம். என்ன பேசுவான் அவன்? எனக்கும் என்ன கேக்கறதுன்னு தெரியாது. சின்ன வயசுல நான் சிஃப்டுக்குப் போவேன், அவன் ஸ்கூலுக்குப் போவான், ஒருத்தர ஒருத்தர் வாசல்ல பாத்துக்குவோம். சாப்ட்டியான்னு கேட்டுத்தான் வளத்தேன். அதத்தான் அவனும் கத்துக்கிட்டான்.

ஒரு நாளு வெக்கிறேம்மான்னு சொன்னப்ப, வாய் தவறி சொல்லிட்டேன், ஐயா, எனக்கு காலு துடிக்குதுய்யான்னு. வெக்கல. என்னம்மா சொல்றீங்கன்னான். வீடியோ போடுங்க, காமிங்கம்மான்னான். நான் கைலிய முட்டிக்கு மேல தூக்கிட்டு போனக் கெண்டக்கால் கிட்ட புடிச்சேன். துடிக்கல. டாக்டர்கிட்ட செஞ்ச அதே வேல! இப்ப வரும்யா, இருன்னேன். சரி இருக்கேன்னான்.

அப்படியே காத்திருந்தோம்மா. அவன் அங்க போனப் பாத்துக்கிட்டு, நான் இங்க காலப் பாத்துக்கிட்டு. சும்மா எவ்ளோ நேரம்தான் இருக்கறது? அவன் பேச ஆரம்பிச்சான். அவன் ரூம்ல இருக்கற பையன் கொறட்ட விடறானாம். சூப்பர்வைசர் இவனத்தான் எல்லாத்துக்கும் கூப்புடறாராம். அங்க ஒரு கடையில ரொட்டி சானாய் கெடைக்குதாம், ஆனா குழம்பு நம்ம கூலிம் மாதிரி இல்லையாம். நான் வைக்கிற கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்திச்சாம். என் புள்ளைக்கு அது புடிக்கும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். பேசிக்கிட்டே இருக்கறப்ப டுப்புன்னு ஒன்னு. பாத்தியான்னேன். பாத்தேம்மா, பாத்தேன்னு கத்தறான். எனக்கு என்னமோ பெரிய பாரத்த எறக்கி வச்ச மாதிரி இருந்திச்சி. ரெண்டாவது கண்ணு பாத்திருச்சில்ல?

அன்னியிலருந்து தெனம் ஏழு மணி. வாழப்பழம் சாப்புடுங்கன்னு சொல்லுவான், என்னமோ சத்து மாத்திரை பார்சல்ல அனுப்பிச்சி வுடுவான், ஊசி டெஸ்டு கதையச் சொன்னப்ப லீவு போட்டு வர்றேன்னான், நாந்தான் வேணான்னேன். போன் வந்ததும் காமிங்கம்மாம்பான். நான் காமிப்பேன். அது ஒடனே வராது. வர்ற வரைக்கும் பேசுவான். சில நாளு அது வரவே கூடாதுன்னு நான் காலத் தடவிக் குடுத்துக்கிட்டே இருப்பேன், அவனுக்குத் தெரியாம. வந்தா வச்சிருவானேன்னு.

இப்பவும் துடிக்குதான்னு கேக்கறியா?

கோப்பி ஆறிப்போச்சு பாரு உனக்கு. குடி.

நின்னு போச்சும்மா. தீவாளிக்கு அப்புறம் ஒரு நாளு கூட வரல. எப்ப நின்னிச்சின்னுகூட சரியாத் தெரியல, வந்தது தெரிஞ்ச மாதிரி போனது தெரியல. மொத நாளு சந்தோசமாத்தான் இருந்திச்சி, சாமிக்கு வெளக்கேத்துனேன். சாயங்காலம் அவன் போன் பண்ணான், காமிங்கம்மான்னான். இன்னிக்கி ஒன்னுமே இல்லய்யா, காலையிலருந்து துடிக்கலன்னேன். அப்பாடா, நல்லதும்மா, நிம்மதின்னான். சாப்ட்டீங்களான்னான். சாப்ட்டேன்யான்னேன். சரிம்மா வெக்கிறேன்.

அவன் குத்தமில்ல. எந்தப் புள்ளையா இருந்தாலும் அப்படித்தான் சொல்லும். ஆனா எனக்கு அந்த போன கீழ வைக்க முடியல. செத்துருவேன்னு பயந்துக்கிட்டு நாக்குக்கு டார்ச் அடிச்சப்பகூட இந்த வீடு இவ்ளோ அமைதியா இருந்ததில்ல பிள்ள. அது இருந்தப்ப வீட்ல என்னையத் தவிர இன்னொன்னு அசைஞ்சிக்கிட்டு இருந்திச்சி. இப்ப ஃபேன் மட்டும்தான்.

மறுநாளு அவன் போன் பண்ணல. அதுக்கு மறுநாளும் பண்ணல. நானே போட்டேன். ஐயா, திரும்ப வந்திருச்சுய்யான்னேன்.

ஏன் கோப்பி குடிக்கிறேன்னு இப்பத் தெரியிதா? கோப்பி கூடாது, தூக்கம் கெடக்கூடாது, ரொம்ப அலையக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல, எல்லாத்தையும் செஞ்சி பாக்கறேன். கோயில் படிக்கட்டுல ஏறி ஏறி எறங்குனேன், ஐயர் வந்து என்னம்மா வேண்டுதலான்னு கேட்டாரு. வரல. வேணாங்கறப்ப வந்திச்சி, வேணுங்கறப்ப வரல. வீடியோவுல போன கொஞ்சம் ஆட்டுவேன், வெளக்க மங்கலா வச்சிக்குவேன். தெரியிதாய்யா, இப்ப வந்திச்சேன்னுவேன். தெரியலம்மா, தெளிவா இல்லன்னு சொல்லுவான். இப்ப ரொம்ப பயந்துட்டான். தனியா இருக்காதீங்க, யாராச்சும் ஒரு நல்ல பிள்ளைய வாடகைக்கு வைங்க, அவங்க நேர்ல பாத்து எனக்கு சொல்லட்டும், இல்லன்னா திரும்ப அந்த ஊசி டெஸ்டுக்கு பேரு குடுத்துருவேன்னு சொல்றான். நெசத்த சொல்லிடலாம்தான். நெனைக்கிறேன், தெனம் காலையில நெனைக்கிறேன். ஏழு மணி ஆனதும் அவன் மொகம் வந்து, காமிங்கம்மாங்கறப்ப வாய் வர மாட்டேங்குது. நேத்து என்ன சொன்னான் தெரியுமா? அவன் ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கானாம். வாணின்னு பேராம். அதச் சொல்றதுக்கு எவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டான், நான் காலப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். எனக்குத் தோணுது, அவனுக்கும் அங்க பேச ஆளில்ல. சாப்ட்டீங்களாவுக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு அவனுக்கும் தெரியாது. அது துடிச்சாத்தான் ரெண்டு பேரும் பேசறோம்.

அதனாலதாம்மா. ரூமு உனக்குத்தான், நீ வாடக இல்லாம சும்மாகூட இரு. பெருசா ஒன்னும் இல்ல, ஒரே ஒரு ஓவர்கில்லு போடு எனக்காக. நல்ல சிப்புதான், தெரியும். ஆனா ரிஜெக்ட்ன்னு, காலு துடிச்சத நான் பாத்தேன்னு அவன்கிட்ட சொல்லிரு. லைன் லீடர் திட்டமாட்டாங்க, வேலையும் போவாது. ரெண்டாவது கண்ணு நீதான்.

இந்தா, போன் அடிக்கிது. சொன்னேன்ல, ஏழு மணின்னா ஏழு மணிதான். இரு, எங்க போற, உக்காரு. இப்படி என் கால் பக்கமா திரும்பி உக்காரு. செருப்ப அப்புறம் போட்டுக்கலாம், உக்காரும்மா.

ஆங், ஐயா, தெரியிதா? சாப்ட்டேன்யா. நீ? வாணி சாப்ட்டிச்சா? ம்ம். இருக்கு, இருக்கு, நல்லாத்தான் துடிச்சிச்சி இப்பகூட. நான் சொன்னா நீ நம்ப மாட்ட. இந்தா, கரங்கான்லருந்து வந்திருக்கற பிள்ள, உமாராணி. ஸ்கோப்புல வேல பாக்கப் போற பிள்ள, அதுக்கு கண்ணு நல்லாத் தெரியும். இவ்ளோ நேரமும் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. அதுகிட்டயே கேளுய்யா.

சொல்லும்மா.